மார்கழி மழையும் முள்ளியவளை முற்றமும்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால், பிறந்த ஊரை விட்டு வெளியிடங்களில் சீவிக்கும் பெண்களுக்கு ஒரு கேள்வி வந்துவிடும். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போவதா, விடுவதா? தனி ஆளாக இருந்தால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். கையில் சின்னப் பிள்ளை இருந்தால் பலதையும் யோசிக்க வேண்டும். வன்னியில் மார்கழி என்றால் மழை. வயல் வரம்புகளுக்கு மேலால் வெள்ளம் பாயும். நுளம்பு பெருகும். பாம்பு, தேள் எல்லாம் ஈரத்துக்குப் பயந்து வீட்டுக்குள் ஒதுங்கும். இவற்றோடு, எங்கள் ஊர்களில் மார்கழி நினைவுகளின் மாதமுமாகிவிட்டது. "அழுகிற வீட்டுக்கு நாலு வயதுப் பிள்ளையை ஏன் கொண்டு போறாய்?" என்று கொழும்பில் மாமி கேட்டார். அவர் குற்றமாகக் கேட்கவில்லை. பேத்தியின் மேலுள்ள அக்கறையில்தான் கேட்டார்.

2022ஆம் ஆண்டு டிசம்பரில் நான் மகளைக் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளியவளைக்குப் போனேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த வருடம் பாடசாலைத் தவணைகளெல்லாம் பின்தள்ளிப் போயிருந்ததால் அண்ணாவின் பிள்ளைகளுக்கும் நத்தாரை ஒட்டிய சில நாட்கள்தான் விடுமுறை. அந்தச் சில நாட்களில் நான் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொழும்புக் கோட்டையில் யாழ்ப்பாண ரயிலில் ஏறினோம். மகளுக்குச் சொல்ல முடியாத புழுகம். யன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. என்னுடைய தலைமுறைக்கு ரயில் என்பது பெரியவர்கள் சொன்ன கதைதான். 1990இல் வடக்குக்கான சேவை நின்றது. பிறகு தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழன்று பதுங்குகுழிகளுக்கு மூடியாகின. புதிதாகப் பாதை போட்டு 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் வந்தபோது நான் வளர்ந்த பெண். என் மகளோ நாலு வயதிலேயே, "அம்மா, எங்கட ஊருக்கு ரெயின் போகுமோ?" என்று கேட்டுக்கொண்டு வருகிறாள். "மாங்குளம் மட்டும் போகும். அங்கால பஸ்" என்றேன்.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முள்ளியவளைக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். இரண்டு பக்கமும் காடு. மழையில் நனைந்து கறுத்து நிற்கும் பாலை மரங்களும் வீரை மரங்களும். ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் பஸ் நின்றபோது அண்ணா வந்து ஏறிக்கொண்டார். அங்கே ஏதோ அலுவலாக வந்தவர், எங்களோடு சேர்ந்து போவதற்காகக் காத்து நின்றிருக்கிறார். வழியில் ஓரிடத்தில் காட்டோரமாகச் சிவப்புப் பலகையில் மண்டையோட்டுப் படம். மகள் கண்டுவிட்டாள்.

"மாமா, அது என்ன?"

நான் வாய் திறப்பதற்குள் அண்ணா சொன்னார். "அது கவனம் எண்டு சொல்லுற படம். நிலத்துக்குள்ள வெடிக்கிற சாமான் கிடக்கும். அந்தப் படம் இருக்கிற இடத்துக்குள்ள போகக்கூடாது. வளவுக்குள்ள இரும்புச் சாமான் ஏதும் கண்டாலும் தொடக்கூடாது. ஓடி வந்து மாமாட்டச் சொல்ல வேணும். சரியோ?"

"சரி" என்றாள். அவ்வளவுதான். பயப்படவில்லை. வீதி கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்பதைப் போல அதையும் கேட்டுக்கொண்டாள். வன்னியில் மிதிவெடி அகற்றும் பணி இன்றும் முழுதாக முடியவில்லை. அங்கே வளரும் பிள்ளைகள் எல்லோரும் இந்தப் பாடத்தைப் படித்தவர்கள்தான். லீவுக்கு வரும் பிள்ளைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபாவோடு, கடனும் பட்டுக் கட்டியது. 2011இல் செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பியபோது பழைய வீட்டில் கூரையில்லாத சுவர்களும் கிணறும்தான் மிஞ்சியிருந்தன. யுத்தத்துக்கு முந்திய விடுமுறைகளில் அந்தப் பழைய வீட்டில் இருபது பேருக்கு மேல் சாப்பிட இருப்போம் என்று அம்மா சொல்லுவா. இப்போது நாங்கள் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு ஒன்பது பேர். அம்மா, பெரியம்மா, அம்மம்மா, அண்ணா, அண்ணி, அவர்களின் இரண்டு பெண்பிள்ளைகள், நான், மகள். ஒன்பது பேரில் எட்டுப் பேர் பெண்கள். உங்கள் வீடுகளிலும் இப்படித்தான் இருக்குமென்று நினைக்கிறேன்.

முதல் நாள் மகளுக்கு ஒரே குழப்பம். கொழும்பில் தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். மேல்வீட்டுக்காரி அன்ரி, கீழ்வீட்டுக்காரி அன்ரி, முன்பள்ளி ரீச்சரும் அன்ரி. இங்கே ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முறை. என் அம்மா அவளுக்கு அம்மம்மா. என் பெரியம்மா பெரியம்மம்மா. அண்ணி மாமி. அண்ணியின் பிள்ளைகள் மச்சாள்மார். என் அம்மம்மா அவளுக்குப் பூட்டி. "பூட்டி எண்டால் ஆர்?" என்று கேட்டாள். மூத்த மச்சாள், பத்து வயதுக்காரி, விரலை மடக்கிக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். "நீ உன்ர அம்மாட வயித்தில. உன்ர அம்மா அம்மம்மாட வயித்தில. அம்மம்மா பூட்டீன்ர வயித்தில." மகள் பூட்டியின் மெலிந்த வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். வீடே சிரித்தது. அன்று முழுக்க அதே விளையாட்டு. யார் யாருடைய வயிற்றில் என்று கேட்டுக்கொண்டே திரிந்தாள்.

அந்த மார்கழியில் குளிர் வழமையைவிடக் கூட. டிசம்பர் முற்பகுதியில் மாண்டஸ் புயல் கடந்தபோது வீசிய கடுங்குளிர் காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்துப்போயின. பெரியம்மாவின் பசுக்கன்று ஒன்றும் அதில் போய்விட்டது. பட்டியில் நின்றது, விடியப் பார்த்தால் விறைத்துக் கிடந்ததாம். பெரியம்மா அதைச் சொல்லும்போது குரல் தளதளத்தது. எத்தனையோ சாவுகளைக் கண்ட மனுசி ஒரு கன்றுக்காக அழுவதைக் கண்டு மகள் தன் சுவெற்றரைக் கழற்றிக்கொண்டு போனாள். "மற்ற மாட்டுக்குப் போடுங்கோ" என்றாள். அது மாட்டின் காதுக்குக்கூடக் காணாது. பெரியம்மா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டா. அன்றிலிருந்து இருவரும் கூட்டு. பட்டிக்குச் சாக்குப் படங்கு கட்டுவதும், தாய்ப்பசுவுக்கு வைக்கோல் போடுவதும் இருவரின் வேலையாகிவிட்டது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் நூடில்ஸ் இல்லாமல் சாப்பிடாத பிள்ளை. இங்கே பொருட்களின் விலை எல்லோரையும் வாட்டிய வருடம் அது. கடையில் வாங்குவதைக் குறைத்து, வளவில் இருப்பதைத்தான் சமைத்தார்கள். குரக்கன் பிட்டு, முருங்கையிலை வறை, தேங்காய்ச் சம்பல். முதல் இரண்டு நாள் முகத்தைத் திருப்பினாள். மூன்றாம் நாள் பெரியம்மா பனங்கிழங்குப் பாத்தியைக் கிண்டினா. மார்கழி, தை மாதங்கள் பனங்கிழங்குக்குரிய காலம். பிள்ளைகள் மூவரும் சேற்றில் நின்று கிழங்கைப் பிடித்து இழுத்தார்கள். அவித்த கிழங்கைத் தோலுரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவிலுள்ள பீலியை எடுத்துப்போட்டு, தும்பு வார்ந்து கொடுக்க, மகள் இரண்டு கிழங்கு சாப்பிட்டாள். மிச்சத்தை உரலில் போட்டு மிளகும் உள்ளியும் உப்பும் பச்சை மிளகாயும் சேர்த்து இடித்து உருண்டை பிடித்தோம். தானே பிடுங்கியதைப் பிள்ளை வேண்டாமென்று சொல்லாது என்று அண்ணி சொன்னது உண்மைதான்.

இரவில் மின்வெட்டு. குப்பி விளக்கைச் சுற்றி எல்லோரும் இருப்போம். பூட்டி வற்றாப்பளை அம்மன் கதை சொல்லுவா. நந்திக்கடலோரம் மாடு மேய்த்த பொடியன்களிடம் ஒரு கிழவி வந்தாளாம். பொடியன்கள் பொங்கிக் கொடுத்தார்களாம். இருட்டிவிட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல் தண்ணியை விட்டு எரியுங்கோ என்றாளாம் கிழவி. விளக்கு எரிந்ததாம். பிறகு, தலை கடிக்குது, பேன் பார்த்து விடுங்கோ என்றாளாம். பார்த்தால் தலை முழுவதும் ஆயிரம் கண். அப்போதுதான் தெரிந்ததாம் அது கண்ணகை அம்மன் என்று. இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிப்பது எங்கள் ஊர் வழக்கம். கதை முடிந்ததும் மகள் எழும்பிப் போய் பூட்டியின் தலைமயிரை விலக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். "கண் இல்லை" என்றாள் ஏமாற்றத்தோடு.

இனிச் சொல்லப்போவதுதான், மாமி பயந்த விடயம்.

முன் விறாந்தைச் சுவரில் பெரியம்மாவின் மகனின் படம் இருக்கிறது. எனக்குத் தம்பி முறை. 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில் சனத்துக்குள் கண்டதுதான் கடைசி. படத்துக்கு மாலை இல்லை. பெரியம்மா போட விடமாட்டா. முல்லைத்தீவில் 2017 மார்ச் 8ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் அவவும் இருந்தவ. இப்போதும் உடம்பு இயன்ற நாட்களில் போவா. வீட்டில் மட்டும் அவனைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. பெரியம்மாவை நோகடிக்கக்கூடாது என்று நாங்கள் பேசாமல் இருந்தோம். எங்களை நோகடிக்கக்கூடாது என்று அவ பேசாமல் இருந்தா.

ஒரு பின்னேரம் மகள் அந்தப் படத்தின் கீழே நின்று, "இது ஆற்ற வயித்தில?" என்று கேட்டாள்.

அண்ணி அவளைக் கூப்பிட்டு அப்பால் கொண்டுபோகப் பார்த்தா. பெரியம்மா கையைக் காட்டி மறித்தா. "என்ர வயித்தில" என்றா. "உனக்கு மாமா முறை."

"எங்க இப்ப?"

"தெரியேல்ல குஞ்சு. சண்டைக்க காணாமப் போனவர். பெரியம்மம்மா தேடிக்கொண்டிருக்கிறன்."

மகள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். குசினிக்குள் போய்ப் பார்த்தாள். மழைத்தூறலில் இறங்கி மாட்டுப்பட்டிப் பக்கமும் பார்த்துவிட்டு வந்து, "இஞ்ச இல்லை" என்றாள். அவளுக்குத் தேடுவது என்றால் அதுதான்.

நான் பயந்துபோய்ப் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவ அழவில்லை. "நானும் முதல் முதல் உப்பிடித்தானம்மா தேடினனான்" என்றா. பிறகு தானாகக் கதைக்கத் தொடங்கினா. அவன் சின்ன வயதில் பனங்கிழங்கைச் சுட்டுத்தான் தின்பான், அவித்தால் தொடமாட்டான். சைக்கிள் பழகி வேலிக்குள் விழுந்தது. கணக்கில் கெட்டிக்காரன். எழுத்துத்தான் கோழி கிண்டினதுபோல. அம்மாவும் சேர்ந்துகொண்டா. அண்ணாவும் ஒரு கதை சொன்னார். அண்ணாவின் பிள்ளைகளுக்கே அன்றுதான் அந்தச் சித்தப்பாவைப் பற்றி இவ்வளவும் தெரிய வந்தது. அன்று இரவு பெரியம்மா நல்ல நித்திரை கொண்டதாக அம்மா பிறகு சொன்னா.

நத்தாருக்குக் கரையோரத்திலுள்ள சின்னம்மா வீட்டுக்குப் போனோம். சின்னம்மா கத்தோலிக்கக் குடும்பத்தில் கலியாணம் செய்தவ. சித்தப்பா கடற்தொழில். 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதன் பின் தினமும் கடலுக்குப் போகக் கட்டுப்படியாகவில்லை என்றார். அப்படியிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள் என்று கேக் செய்து, பாலன் குடில் கட்டி, சவுக்கங் கொப்பில் வெள்ளி நூல் சுற்றி வைத்திருந்தார்கள். நடுச்சாமப் பூசைக்கு மகளும் மச்சாள்மாரும் குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள். சைவப் பிள்ளைகள் பாலனைக் கும்பிட்டார்கள். அந்த வாரமே முள்ளியவளையில் திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமும் கேட்டு விடியப்புறம் எழும்பிக் கோயிலுக்குப் போனார்கள். பிள்ளைகளுக்கு இரண்டும் விழாதான்.

டிசம்பர் 26. 2004ஆம் ஆண்டு அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், நத்தாருக்கு அடுத்த நாள். இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன கடல், சின்னம்மாவின் ஆறு வயது மூத்த மகளையும் கொண்டுபோனது. ஒவ்வொரு வருடமும் காலை 9.25 முதல் 9.27 வரை நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கிறார்கள். நாங்களும் பூக்கொண்டு போய் நின்றோம். மகளுக்கு, "சின்னம்மம்மாவின்ர அக்காப் பிள்ளை கடல்ல போயிட்டா. அவவை நினைச்சுப் பேசாம நிப்பம்" என்று மட்டும் சொன்னேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது சின்னம்மா அவளைத் தன்னோடு கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனா. நானும் பின்னால் போனேன். அலை எட்டாத இடத்தில் இருவரும் நின்றார்கள். சின்னம்மா கையைப் பிடித்தபடி சொன்னா: "கடல் நல்லது. சித்தப்பாவுக்கு மீன் தருது. ஆனா திடீரெண்டு தண்ணி உள்ள இழுபட்டு, மீனெல்லாம் வெளியால கிடந்தால், பார்க்கப் போகக்கூடாது. நிலம் ஆடினாலும் நிக்கக்கூடாது. சாமானை எடுக்கக்கூடாது. ரோட்டுப் பக்கமா, மேட்டுக்கு ஓட வேணும். எங்க ஓட வேணும்?" மகள் திரும்பி மேட்டுப் பக்கம் விரலை நீட்டினாள். "கெட்டிக்காரி" என்றா சின்னம்மா. 2004இல் எங்களில் எவருக்கும் இது தெரியாது. சுனாமி என்ற சொல்லே தெரியாது. பின்வாங்கிய கடலில் மீன் பொறுக்கப் போன பிள்ளைகள் எத்தனை.

வீட்டுக்கு வந்தபோது ஒன்று நடந்தது. எங்களோடு வந்திருந்த பூட்டி, மகளைப் பார்த்து, கடலோடு போன பேத்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. வயது எண்பத்தைந்துக்கு மேல். நினைவு தடுமாறும். எல்லோரும் சின்னம்மாவைப் பார்த்தோம். மகள், "அது நானில்லை பூட்டி" என்றாள். சின்னம்மா ஒரு நிமிடம் நின்றுவிட்டு, "கூப்பிடட்டும். கன காலத்துக்குப் பிறகு அந்தப் பேரைக் கேக்கிறன்" என்றா. அதன் பிறகு பூட்டி கூப்பிடும்போதெல்லாம் மகள் மறுபேச்சில்லாமல் போய் நின்றாள்.

துக்கமுள்ள வீட்டில் பிள்ளை பயந்துவிடும், மனம் பாதிக்கப்படும் என்று நாங்கள் நினைப்பது இயல்பு. நான் கண்டது வேறு. பெரியவர்கள் ஒளித்துக் குசுகுசுக்கும்போதுதான் பிள்ளை கலங்கி எங்கள் முகங்களைப் பார்க்கிறது. கேட்டதற்கு மட்டும், வயதுக்கு ஏற்ற இரண்டு வார்த்தையில், உண்மையான பதில் கிடைத்தால் விளையாடப் போய்விடுகிறது. அந்தப் பதிலைச் சொல்லும் உரிமையும் சம்பந்தப்பட்டவருக்கே உண்டு. மகனைப் பற்றிப் பெரியம்மாதான் சொல்ல வேண்டும். கடலைப் பற்றிச் சின்னம்மாதான் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்ல விரும்பாவிட்டால் பிள்ளையை வேறு கதையில் திருப்பிவிடலாம். யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை.

சிறு பிள்ளையோடு மழைக்காலத்தில் ஊர் போகும் தாய்மாருக்கு இன்னும் சில வார்த்தைகள். தடித்த உடுப்பு இரண்டும் நுளம்பு வலையும் கொண்டு போங்கள். வெள்ளம் ஏறிய நாட்களில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டே கொடுங்கள். கிளினிக் கொப்பி கையோடு இருக்கட்டும். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர வேறு மாத்திரை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். டெங்குக் காலமாகையால், காய்ச்சல் இரண்டாம் நாளும் விடாவிட்டால் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். சப்பாத்துப் போடுமுன் உதறிப் பாருங்கள். இவற்றைக் கவனித்தால் மழைக்குப் பயந்து ஊரைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பூட்டி அடுத்த வருடம் ஐப்பசியில் காலமானா. செய்தி வந்தபோது மகளுக்கு ஐந்து வயது. "எந்தப் பூட்டி?" என்று அவள் கேட்கவில்லை. யாருடைய வயிற்றில் யார் என்று விரலை மடக்கித் தானே சொல்லிப் பார்த்தாள். செத்தவீட்டுக்குப் போனபோது பெரியம்மாவின் பக்கத்தில் போய் இருந்துகொண்டாள்.

எங்கள் குடும்பங்களில் பலர் இல்லை. இருப்பவர்களும் எத்தனை மார்கழிக்கு இருப்பார்களோ தெரியாது. அடுத்த விடுமுறைக்குப் பயணச் செலவுக்கென்று இப்போதே மாதம் மாதம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், உயிரோடு இருக்கிறவர்களின் மடியில் இருத்திவிடுங்கள். முறை சொல்லி அழைக்கப் பழக்குங்கள். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.